கடலே தெரியாத கடலூர்ப் படம்: ஆவணப் புகைப்படத்துக்குப் படக்குறிப்பு தேவையா?

இருட்டறை எழுதியது:

நல்ல புகைப்படம் தானே பேசும், அதன் கீழே எழுத்து எதற்கு என்ற வாதத்தைக் கண்காட்சிகளிலும் புகைப்படக் குழுக்களிலும் அடிக்கடி கேட்கிறோம். மலையையோ மழையையோ எடுத்த படத்துக்கு அது பொருந்தலாம். ஆனால் நடந்த ஒன்றுக்குச் சாட்சியாக முன்வைக்கப்படும் ஆவணப் படத்துக்கு அது பொருந்தாது என்று நினைக்கிறேன். நண்பர்கள் மறுத்தால் காரணங்களோடு மறுக்க வேண்டுகிறேன்.

நம் ஊரிலேயே எடுக்கப்பட்டு உலகம் முழுவதும் சென்ற படம் ஒன்றிலிருந்து தொடங்கலாம். 2004 டிசம்பர் 28 அன்று, சுனாமி தாக்கி இரண்டு நாள் கழித்து, ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்துக்காக ஆர்கோ தத்தா கடலூரில் எடுத்த படம் அது. வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்பு அதை அவ்வாண்டின் சிறந்த படமாகத் தேர்ந்தெடுத்தது. சேலை கட்டிய ஒரு பெண் தரையில் விழுந்து, கைகளை விரித்து, உள்ளங்கைகள் வானத்தைப் பார்க்க அழுகிறார். படத்தின் ஓரத்தில் இறந்துபோன உறவினரின் கை மட்டும் தெரிகிறது. கடலோ, கவிழ்ந்த படகோ, இடிந்த வீடோ சட்டகத்துக்குள் இல்லை. நிலநடுக்கமா, பேருந்து விபத்தா, துப்பாக்கிச் சூடா என்று படத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது.

அந்தப் படத்தைப் பார்த்ததும் நமக்கு எல்லாம் புரிகிறது என்றால், அந்த வாரத்தின் செய்திகள் நம் நினைவில் ஏற்கெனவே ஒரு படக்குறிப்பை எழுதிவைத்திருக்கின்றன என்று பொருள். 2004க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளிடம் அந்த நினைவு இல்லை. அவர்களுக்குப் படம் துக்கத்தைக் காட்டும், சுனாமியைக் காட்டாது.

வெண்சுவர் எழுதியது:

உங்கள் எடுத்துக்காட்டை ஏற்கிறேன், முடிவை ஏற்கவில்லை. படக்குறிப்பு தகவலைச் சேர்க்கிறது என்பது உண்மைதான். பார்ப்பவரின் வேலையை அது முடித்துவைத்துவிடுகிறது என்பதும் அதே அளவு உண்மை. அருங்காட்சியகத்தில் நிற்பவர்களைக் கவனித்துப் பாருங்கள்: சுவரில் ஒட்டிய சிறு அட்டையைப் படிக்கும் நேரத்தில் பாதியைக்கூடப் பெரும்பாலோர் படத்துக்குத் தருவதில்லை. அட்டையைப் படித்துவிட்டு, அதில் சொன்னது படத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

ஆவணப் புகைப்படக் கலையின் பெரிய ஆசான்களே எழுத்தை விலக்கியிருக்கிறார்கள். 1936இல் அலபாமா மாநிலத்தின் ஹேல் மாவட்டத்துப் பருத்திக் குத்தகை விவசாயிகளை வாக்கர் எவன்ஸ் எடுத்த படங்கள் 1941இல் ஜேம்ஸ் ஏஜியின் உரைநடையோடு நூலாக வந்தபோது, 31 படங்களும் நூலின் தொடக்கத்தில், தலைப்புப் பக்கத்துக்கும் முன்னால், ஒரு சொல்கூட இல்லாமல் அடுக்கப்பட்டிருந்தன. எழுத்து படத்துக்கு வேலைக்காரனாகவோ, படம் எழுத்துக்கு அலங்காரமாகவோ ஆகிவிடக் கூடாது என்பதற்காக எடுக்கப்பட்ட முடிவு அது.

ராபர்ட் ஃப்ராங்க் 1955, 1956 ஆண்டுகளில் அமெரிக்காவைச் சுற்றி எடுத்த படங்களிலிருந்து தேர்ந்த 83 படங்கள் 1958இல் பாரிஸில் முதலில் நூலாயின. அந்தப் பதிப்பில் ஒவ்வொரு படத்துக்கும் எதிர்ப்பக்கத்தில் அமெரிக்கச் சமூகத்தைப் பற்றிப் பலர் எழுதிய பகுதிகள் தொகுத்து அச்சிடப்பட்டிருந்தன. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் வந்த பதிப்பில் அவை அனைத்தும் நீக்கப்பட்டு, ஏறக்குறைய வெறுமையான பக்கத்தில் நிகழ்ச்சியின் பெயரும் ஊரின் பெயரும் மட்டும் நின்றன. படங்கள் அவையேதான். முதல் பதிப்பில் சமூகவியல் கட்டுரைக்குச் சான்றாக நின்ற படங்கள், இரண்டாவதில் ஒரு நாட்டைப் பற்றிய தனி மனிதரின் பார்வையாக மாறின. இன்று உலகம் நினைவில் வைத்திருப்பது இரண்டாம் பதிப்பைத்தான்.

படக்குறிப்பு தவறிழைத்து, படமே அதைத் திருத்திய வழக்கும் உண்டு. ஸ்பானிய உள்நாட்டுப் போரில் 1936 செப்டம்பரில் ராபர்ட் காப்பா எடுத்த, குண்டடிபட்டு விழும் வீரரின் படம் செர்ரோ முரியானோவில் எடுக்கப்பட்டது என்று பல பத்தாண்டுகள் எழுதப்பட்டுவந்தது. அதே வரிசைப் படங்களின் பின்னணியில் தெரியும் மலைத்தொடரின் வடிவத்தை ஒப்பிட்ட ஸ்பானிய ஆய்வாளர் ஒருவர், அவை சுமார் 50 கிலோமீட்டர் தள்ளியுள்ள எஸ்பெகோ என்ற ஊரில் எடுக்கப்பட்டவை என்று 2009இல் காட்டினார். எழுதியவர்கள் பிழை செய்தபோது உண்மையைத் தாங்கி நின்றது அந்த மலைக்கோடு.

தாமிரபரணி எழுதியது:

வெண்சுவர் சொல்லும் நூல்கள் எல்லாம் கலை நூல்களாக வாங்கப்பட்டு, அறிமுகவுரையோடு படிக்கப்படுபவை. நூலின் அட்டையிலேயே நாடும் காலமும் தெரிந்துவிடுகின்றன. உதிரிப் படமாக வெளியே சுற்றும் ஆவணத்தின் கதி வேறு. தாது வருஷப் பஞ்சத்தின் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் தக்காணத்தையும் அழித்த அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் குறைந்தது 55 லட்சம் பேர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. சென்னைப் படையைச் சேர்ந்த அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர் அப்போது எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன. எலும்பும் தோலுமாக ஆண்கள், பெண்கள், குழந்தைகள் வரிசையாக உட்காரவைக்கப்பட்டிருக்கிறார்கள். படக் கருவி அந்தக் காலத்தில் அசையாமல் இருப்பவர்களையே பதிவு செய்யும் என்பதால், நிற்கக்கூட முடியாதவர்களை இப்படி ஒழுங்குபடுத்தி, அசையாமல் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்பது படத்திலேயே தெரிகிறது.

அவற்றில் ஒரு படத்துக்குக் கீழே உள்ள ஆங்கிலக் குறிப்பு, இவர்கள் இலவச நிவாரணம் பெறத் தகுதியானவர்கள் என்று சொல்கிறது. பெயரும் ஊரும் சாதியும் அதில் இல்லை, தகுதி மட்டும் இருக்கிறது. இந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள அக்கால நிவாரண விதிகள் தெரிய வேண்டும். உடலில் தெம்புள்ளவர்கள் மண் வெட்டியும் கல் சுமந்தும்தான் கூலி பெற வேண்டும்; வேலை செய்யவே முடியாத நிலைக்கு வந்தவர்களுக்கு மட்டுமே இலவசச் சோறு. 1877 தொடக்கத்தில், பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் அந்தக் கூலியையும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், அத்துடன் ஓரணா என்ற அளவுக்குக் குறைத்தார். ஆக, அந்தப் படத்தில் இருப்பவர்கள் எந்த அளவுக்கு மெலிந்த பிறகு அரசின் கண்ணில் தகுதி பெற்றார்கள் என்பதை அந்த ஒற்றை வரி சொல்லிவிடுகிறது. படத்தில் பசி இருக்கிறது. பசியை அளந்து பட்டியலிட்ட அலுவலகம் படக்குறிப்பில்தான் இருக்கிறது.

செய்தி மேசை எழுதியது:

நாளிதழ் ஒன்றின் படப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், இந்த விவாதத்தில் விடுபட்டுப்போகும் நடைமுறையைச் சொல்கிறேன். செய்தி நிறுவனங்களில் கேப்ஷன் என்பது அலங்காரம் அன்று, அது படத்தின் ஒரு பகுதி. முதல் வாக்கியத்தில் யார், என்ன செய்கிறார், எங்கே, எந்த நாளில் என்பவை வர வேண்டும். இரண்டாவது வாக்கியம் பின்னணியைச் சொல்லும். படத்தில் தெரியாததை ஊகித்து எழுதக் கூடாது. ஒருவர் அழுகிறார் என்றால் அழுகிறார் என்றுதான் எழுதலாமே தவிர, நம்பிக்கை இழந்தார் என்று எழுத நமக்கு உரிமை இல்லை. இவ்வளவு வறண்ட விதிகளை வைத்திருப்பதற்குக் காரணம், வண்ணம் பூசி எழுதப்பட்ட கேப்ஷன்களால் பட்ட பாடுதான்.

இந்த விவரங்கள் படக் கோப்புக்குள்ளேயே எழுதப்படுகின்றன. ஆனால் வாட்ஸ்அப்பிலோ பிற தளங்களிலோ படம் கைமாறும்போது கோப்பு சுருக்கப்பட்டு, உள்ளே இருந்த விவரங்கள் பெரும்பாலும் நீங்கிவிடுகின்றன. எடுத்தவர் நாள், ஊர், பெயர் எல்லாம் எழுதி அனுப்பினாலும் மூன்றாவது கைக்கு வருவது வெறும் படம். அதற்கு மேல் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் எழுதலாம், எழுதவும் செய்கிறார்கள்.

கேப்ஷன் இருந்தாலே எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். சூடானில் கெவின் கார்ட்டர் எடுத்த, குழந்தையும் பின்னால் காத்திருக்கும் கழுகும் உள்ள படம் 1993 மார்ச் 26 அன்று நியூயார்க் டைம்ஸில் வெளியானபோது, அது உணவு மையத்துக்குச் செல்லும் வழியில் சோர்ந்து விழுந்த சிறுமி என்று கேப்ஷன் சொன்னது. அந்தக் குழந்தைக்கு என்ன ஆனது என்று கேட்டு வாசகர்கள் எழுதிய கேள்விகள் குவிந்ததால், நான்கு நாள் கழித்து ஆசிரியர் குறிப்பு ஒன்றை இதழ் வெளியிட நேர்ந்தது. கழுகு விரட்டப்பட்ட பின் குழந்தை மீண்டும் நடக்கத் தொடங்கியது என்றும், மையத்தை அடைந்ததா என்பது தெரியாது என்றும் அக்குறிப்பு கூறியது. 2011இல் ஸ்பானிய நாளிதழ் ஒன்று அந்த ஊருக்கே சென்று விசாரித்தபோது, அது சிறுமி அல்ல, சிறுவன் என்று அவனுடைய தந்தை சொன்னார். கார்ட்டர் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 1994இல், இறந்துவிட்டார்.

வெண்சுவர் எழுதியது:

நீங்கள் இருவரும் எனக்காகத்தான் வாதாடுகிறீர்கள். ஹூப்பர் படத்தில் வன்முறையே அந்தக் குறிப்புதான். அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் நம்மைப் போன்ற மனிதர்களை நாம் நேருக்கு நேர் பார்க்கிறோம். வைத்துக்கொண்டு பார்த்தால் ஒரு நிவாரண அதிகாரியின் கண்ணால் பார்க்கிறோம்.

தாமிரபரணி எழுதியது:

எடுத்துவிட்டுப் பார்த்தால் என்ன நடக்கும் என்று ஊகிக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே நடந்திருக்கிறது. இணையத்தில் ஹூப்பரின் படங்கள் 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தின் படங்களாகப் பலமுறை பகிரப்பட்டிருக்கின்றன. சர்ச்சிலைக் குற்றம் சாட்டும் பதிவுகளில் நம் சென்னை மாகாணத்து மக்கள் நிற்கிறார்கள். 1943ஐ நேரில் படமெடுத்த சுனில் ஜானா போன்றவர்களின் படங்கள் இருக்கும்போதே இது நடக்கிறது. பழைய குறிப்பு நீங்கிய இடத்தில் மனிதர்கள் மட்டும் மிச்சமாக நிற்பார்கள் என்று நினைக்கிறீர்கள். உண்மையில் அந்த இடத்துக்கு அடுத்தவர் வந்து தமக்கு வேண்டியதை எழுதிக்கொள்கிறார். இதனால் டெம்பிளின் கூலியும் அப்போதைய வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் ஆட்சியும் கணக்கிலிருந்து தப்பிவிடுகின்றன. இறந்தவர்களுக்கு இரண்டாம் முறையும் ஊர் இல்லாமல் போகிறது.

என் கருத்து, அந்தக் காலனியக் குறிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே நம்முடைய குறிப்பை எழுத வேண்டும் என்பது. ஹூப்பர் யார் என்பதும் அதில் வர வேண்டும். 1886இல் பர்மாவின் மாண்டலேயில் இராணுவக் காவல் பொறுப்பில் இருந்தபோது, மரண தண்டனை நிறைவேறும் கணத்தைப் படமெடுப்பதற்காகச் சுடும் ஆணையைத் தாமதப்படுத்தினார் என்று குற்றம் சாட்டப்பட்டு விசாரணைக்கு உள்ளானவர் அவர். எந்தக் கண் பார்த்தது என்பதும் ஆவணத்தின் பகுதிதான்.

இருட்டறை எழுதியது:

விவாதம் நான் எதிர்பாராத, ஆனால் நல்ல இடத்துக்கு வந்திருக்கிறது. குறிப்பு தேவையா என்று கேட்டிருந்தேன். யார் எழுதும் குறிப்பு என்று கேட்பதுதான் இனி பயனுள்ளது.

டோரதியா லாங் 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிபோமோ ஊரில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் எடுத்த, 'புலம்பெயர்ந்த தாய்' என்று பின்னர் பெயர்பெற்ற படத்தை இங்கே அனைவரும் அறிவோம். அரசின் கோப்பில் அதற்கு இருந்த குறிப்பு, கலிஃபோர்னியாவின் வறிய பட்டாணி பறிப்போர், ஏழு குழந்தைகளின் தாய், வயது முப்பத்திரண்டு என்று மட்டும் சொன்னது. லாங் பொதுவாகக் குறிப்பெடுப்பதில் மிகக் கவனமானவர். மக்கள் பேசிய வாக்கியங்களையே எழுதிவைத்துப் படங்களோடு வெளியிட்டவர். அன்று அந்தப் பெண்ணின் பெயரை அவர் கேட்கவில்லை.

படம் சான் பிரான்சிஸ்கோ நாளிதழில் வந்ததும் அந்த முகாமுக்கு அரசு 20,000 பவுண்டு உணவு அனுப்பியது. அதற்குள் அந்தக் குடும்பம் அங்கிருந்து போய்விட்டிருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பெயரற்றவராக இருந்த அவர் 1978இல்தான் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று வெளியுலகுக்குத் தெரிந்தார். அவர் செரோக்கி பழங்குடியில் பிறந்தவர் என்பதும் அதன் பிறகுதான் பேசப்பட்டது. புயல்தூசியால் நிலமிழந்த வெள்ளை விவசாயக் குடும்பங்களின் அடையாளமாக அதுவரை அந்த முகத்தை நாடு பார்த்துவந்திருந்தது. உணவுப் பொருள் ஏற்றிய வண்டியைப் புறப்பட வைக்க அந்தச் சிறு குறிப்பு போதுமானதாக இருந்தது, அவர் யார் என்று சொல்லப் போதவில்லை. படத்தால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்ற கசப்பு அவருக்கு இருந்தது. 1983இல் இறந்தபின் அவருடைய கல்லறைக் கல்லிலும் பெயரோடு சேர்த்து, பிறர் அந்தப் படத்துக்கு வைத்த தலைப்பே பொறிக்கப்பட்டிருக்கிறது.

வன்னிவாசி எழுதியது:

இவ்வளவு நேரமும் படம் எடுப்பவரும் பதிப்பிப்பவரும் எழுதும் குறிப்புகளையே பேசினீர்கள். படத்தில் இருப்பவரின் வீட்டார் எழுதும் குறிப்பும் இருக்கிறது.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி முதல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில், தாய்மார் கையில் வைத்திருப்பவை ஆவணப் படங்களாக எடுக்கப்பட்டவை அல்ல. அடையாள அட்டைக்காக ஸ்டூடியோவில் எடுத்தது, கலியாண வீட்டுக் குழுப்படத்திலிருந்து வெட்டிப் பெருப்பித்தது, பாடசாலைப் படம் என்று பலவகை. ஒரு நீல நிறத் திரைக்கு முன்னால் ஓர் இளைஞர் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும் படம் தனியே எதற்கும் சாட்சியாகாது. அதன் கீழே பெயர், பிறந்த ஆண்டு, எந்த நாளில், எந்த இடத்தில், யார் முன்னிலையில் கையளிக்கப்பட்டார் என்று தாய் எழுதிவைத்த வரிகள் சேர்ந்த பிறகுதான் அது அரசிடம் பதில் கேட்கும் ஆவணமாகிறது. எழுத்தை நீக்கினால் மிச்சமிருப்பது குடும்ப அல்பத்தில் இருக்க வேண்டிய படம்.

இங்கே எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. வெளியிலிருந்து வரும் படப்பிடிப்பாளர்கள் அந்தத் தாய்மாரை எடுக்கும்போது, கண்ணீரை முன்னிறுத்தி, கையில் உள்ள படத்தின் எழுத்து தெளியாதபடி குவியத்தை வைக்கிறார்கள். என் பார்வைக்கு வந்த பலவற்றில் குறிப்பும் "போராட்டத்தில் ஒரு தாய்" என்ற அளவோடு நின்றுவிட்டது. தாய் எழுதிய குறிப்பைப் படமெடுத்தவர் வாசிக்கவே இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

கடலோரம் எழுதியது:

பெயர் வேண்டும் என்ற பக்கம் விவாதம் சாய்வதால், ஜப்பானின் மினமாட்டா படத்தையும் சேர்க்கிறேன். இரசாயன ஆலை விரிகுடாவில் விட்ட பாதரசக் கழிவு மீன் வழியாகத் தாயின் உடலுக்கும், கருவிலிருந்த குழந்தைக்கும் சென்றது. 1971இல் யூஜின் ஸ்மித் எடுத்த படத்தில், அப்படி ஊனமுற்றுப் பிறந்த தொமோகோவைத் தாய் தொட்டியில் குளிப்பாட்டுகிறார். பாதரசம் கண்ணுக்குத் தெரியாது. ஆலையும் படத்தில் இல்லை. குறிப்பு இல்லாவிட்டால் அது தாயன்பின் படமாக மட்டுமே நின்றிருக்கும். பெற்றோரின் சம்மதத்தோடுதான் எடுக்கப்பட்டது, பெயரோடுதான் உலகம் முழுவதும் போனது, நோயாளிகளின் போராட்டத்துக்கும் உதவியது.

தொமோகோ 1977இல் இறந்தார். அதன் பிறகும் மகளின் உடல் சுவரொட்டிகளிலும் பாடநூல்களிலும் தொடர்ந்து காட்டப்படுவது குடும்பத்தாரை வருத்தியது. பதிப்புரிமையை வைத்திருந்த எய்லீன் ஸ்மித், படத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையை 1998இல் பெற்றோரிடமே ஒப்படைத்தார். அதன் பின் பல ஆண்டுகள் அந்தப் படம் புதிதாக வெளியிடப்படவில்லை. சரியான குறிப்பும் முறையான சம்மதமும் இருந்த படத்துக்கே இப்படி ஒரு நிலை வந்தது.

செய்தி மேசை எழுதியது:

கடலோரம் சொன்னதற்குப் பிறகு, வெண்சுவர் முதலில் கொண்டுவந்த எவன்ஸ் படங்களுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. நூலில் அவற்றுக்குக் குறிப்பு இல்லை, உரைநடையிலும் அந்தக் குடும்பங்களுக்கு மாற்றுப் பெயர்களே தரப்பட்டன. ஆனால் எவன்ஸ் அப்போது வேலை பார்த்த அரசு நிறுவனத்தின் கோப்பில், சுமார் 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் அடங்கிய அந்தப் பெருந்தொகுப்பில், சில படங்கள் உண்மைப் பெயரோடும் மாவட்டப் பெயரோடும் பதிவாயின. இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். நூல் மறைத்ததைக் கோப்பு காட்டிக்கொடுத்தது. ஆவணக் காப்பகத்தில் மட்டும் பெயரை எழுதி வைப்போம், அச்சில் வேண்டாம் என்ற நடுவழிகூட நிரந்தரப் பாதுகாப்பு இல்லை.

ஆகவே நாள், ஊர், நிகழ்ச்சி, எடுத்தவர், எந்தச் சூழலில் எடுக்கப்பட்டது ஆகியவற்றை ஒருபோதும் விடக் கூடாது என்பேன். பெயர் மட்டும் அதற்குரியவரைக் கேட்டு எழுத வேண்டியது, பின்னர் அவர் வேண்டாம் என்றால் நீக்க வேண்டியது. வன்னிவாசி சொல்லும் தாய்மார் பெயரைக் கேட்கச் சொல்லித்தான் நிற்கிறார்கள், அங்கே பெயரை விடுவது தவறு. கடலூர்ப் படத்தில் இருக்கும் பெண் அப்படி யாரிடமும் எதையும் கேட்டு அங்கே விழுந்து கிடக்கவில்லை. அவருடைய பெயரைத் தேடிப் பிடித்து இந்த இழையில் யாரும் பதிய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வெண்சுவர் எழுதியது:

நாளையும் ஊரையும் நான் எதிர்க்கவில்லை, ஃப்ராங்கின் இரண்டாம் பதிப்பில் இருந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான். நான் எதிர்ப்பது, பார்ப்பவர் என்ன உணர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லும் எழுத்தையும், படத்துக்கு முன்னால் கண்ணில் படும்படி எழுத்தை வைப்பதையும். கண்காட்சியில் முதலில் படம், பக்கம் திருப்பினாலோ அறையின் மறுகோடிக்கு நடந்தாலோ கிடைக்கும்படி குறிப்பு என்ற வரிசையை நான் இன்னும் விடுவதாக இல்லை. தாமிரபரணி இதற்குச் சம்மதிக்கமாட்டார் என்று தெரியும். கைப்பேசியில் எடுத்துப் பகிர்பவர் மறுகோடிக்கு நடக்கமாட்டார் என்பார்.

தாமிரபரணி எழுதியது:

ஆம், அதைத்தான் சொல்வேன். ஹூப்பர் படங்களைப் பொறுத்தவரை குறிப்பு படத்தின் சட்டகத்துக்குள்ளேயே, வெட்டி எடுக்க முடியாதபடி அச்சிடப்பட வேண்டும். உங்கள் கண்காட்சிக்கு அது அழகாக இருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.